தடித்த உல்லன் நூலில் பஞ்சு அடைத்த இதயம் பின்ன ஆசை. கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே இப்போதுதான் பழகுகிறேன். சிங்கிள் குரோஷே என்ற அடிப்படைப் பின்னல் போடத் தெரியும், ஒரு வட்டம் பின்னியிருக்கிறேன், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. எனக்கு வருமா? என்ன நூல், என்ன ஊசி வாங்குவது?

தாராளமாக வரும். சிங்கிள் குரோஷே தெரியும், ஒரு வட்டமும் பின்னியிருக்கிறீர்கள். இதயத்துக்கு அதுவே போதும். புதிதாகப் பழக வேண்டியவை இரண்டுதான்: தனித்தனியாகப் பின்னிய இரண்டு துண்டுகளை ஒன்றாக்குவது, கண்ணிகளின் (பின்னல் வளையங்களின்) எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வருவது.

ஆனால் தடித்த நூல் என்றாலே சுலபம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதில் பாதிதான் உண்மை. சீக்கிரம் முடியும், கண்ணி ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும், அந்த மட்டில் சரி. பஞ்சு அடைக்கும் பொருள் என்று வரும்போது வேறு ஒரு தொல்லை இருக்கிறது. கண்ணி பெரிதானால் இடுக்கும் பெரிதாகும். மெல்லிய நூலில் யாருக்கும் தெரியாத ஓட்டை இதில் பல்லிளிக்கும். உள்ளே இருக்கும் பஞ்சு வெள்ளை வெள்ளையாக எட்டிப் பார்க்கும். புதிதாகச் செய்கிறவர்கள் தங்கள் கை சரியில்லை என்று நினைத்து இந்த இடத்தில்தான் மனம் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் கையில் குறையே இருக்காது. ஊசிதான் பெரிது.

நூல் லேபிளில் போட்டிருக்கும் ஊசி அளவு, சால்வை, ஸ்வெட்டர் மாதிரி இளகி மடிய வேண்டிய பொருட்களை மனதில் வைத்துச் சொல்வது. அமெரிக்க நூல் தொழில் அமைப்பான கிராஃப்ட் யார்ன் கவுன்சில் வைத்திருக்கும் தடிமன் வரிசையில் 5 என்ற எண்தான் நாம் ‘சங்கி’ என்று சொல்கிற நூல். அதற்கு 6.5 முதல் 9 மி.மீ. வரை குரோஷே ஊசி பரிந்துரைக்கிறார்கள். நீங்கள் அதைக் கண்டுகொள்ளாமல் 5 அல்லது 5.5 மி.மீ. ஊசி வாங்குங்கள். முதல் சில வரிசைகளில் ஊசி நுழைய அடம் பிடிக்கும். பிடிக்கட்டும். பின்னிய துண்டை இரு பக்கமும் லேசாக இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் வந்தால் இன்னும் அரை மி.மீ. இறங்குங்கள். எண் 6 போட்ட நூல் இன்னும் தடி. மணிக்கட்டு வலிக்கும், முதல் வேலைக்கு அது வேண்டாம்.

எந்த நூல்? வழவழப்பான, நன்றாக முறுக்கிய அக்ரிலிக், வெளிர் நிறத்தில். கறுப்பு, கருநீலம் இரண்டும் இரவு விளக்கில் உயிரை வாங்கும். இணையத்தில் வரும் படங்களில் எல்லாம் வெல்வெட் மாதிரி புசுபுசு நூலில் செய்த இதயங்கள்தான் கொஞ்சுகின்றன, தெரியும். கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது, அதுவும் உண்மை. ஆனால் அந்த நூலில் கண்ணி எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகிப் பிரித்தால் ரோமம் உதிர்ந்து நடு நூல் மொட்டையாகத் தெரியும். மேஜிக் ரிங்கை (தொடக்கத்தில் போடும், இழுத்தால் இறுகும் நூல் வளையத்தை) இறுக்க இழுத்தால் அறுந்தும் போகும். எண்ணிக்கை கைக்குப் பழகிய பிறகு இரண்டாவது இதயத்தை அதில் செய்யுங்கள். திருப்பூர் பனியன் துணி வெட்டில் இருந்து வரும் டி-ஷர்ட் யார்னும் தடிதான், ஆனால் விறைப்பு அதிகம். கூடை பின்ன அருமை, இதற்கு ஆகாது.

ஊரில் உள்ள கடையில் தடித்த நூலே இல்லை என்கிறார்களா? நடுத்தரத் தடிமன் உல்லன் நூலை இரண்டு இழையாகச் சேர்த்துப் பிடித்துப் பின்னுங்கள், கிட்டத்தட்ட அதே தடிமன் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஊசி இரண்டு இழையையும் பிடித்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் 100 கிராம் வாங்கினால் ஒரு இதயத்துக்குத் தாராளம், மிச்சமும் இருக்கும்.

சரி, பின்னலுக்கு வருவோம். இதயத்தைத் தட்டையாக இரண்டு பின்னி ஓரத்தைத் தைக்கும் முறையும் உண்டு. அதை நான் ஆரம்பத்தில் இருப்பவர்களுக்குச் சொல்வதில்லை. கை இன்னும் சீராகாதபோது இரண்டும் ஒரே அளவில் அமையாது, தைக்கும்போது ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். மேலே உள்ள இரண்டு மேடுகளில் தொடங்கிக் கீழே கூர்முனை வரை சுற்றிச் சுற்றி இறங்குவதுதான் நல்லது.

முதல் மேடு. மேஜிக் ரிங்கில் 6 சிங்கிள் குரோஷே. மேஜிக் ரிங் வரவில்லை என்றால் 2 செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு, ஊசியில் இருந்து இரண்டாவது செயினுக்குள்ளேயே ஆறையும் போடுங்கள். நடுவில் சின்னத் துளை வரும், தொடக்கத்தில் தொங்கும் வால் நூலால் பிறகு மூடிவிடலாம். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டால் 12. மூன்றாவதில் ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டால் 18. நான்காம், ஐந்தாம் சுற்றுகள் கூட்டாமல் குறைக்காமல் 18, 18. ஒரு சாண் நூல் விட்டு வெட்டி, கடைசி வளையத்துக்குள் இழுத்துவிடுங்கள். இரண்டாவது மேடும் இப்படியேதான், நூலை மட்டும் வெட்டாதீர்கள்.

சுற்று முடிந்ததும் ஸ்லிப் ஸ்டிட்ச் (சுற்றின் இரு முனைகளையும் சேர்க்கும் கண்ணி) போட்டு மூட வேண்டாம். சுருளாக அப்படியே போய்க்கொண்டே இருக்கலாம். அதனால் சுற்றின் முதல் கண்ணியில் ஓர் அடையாளம் வேண்டும். ஸ்டிட்ச் மார்க்கர் என்று தனியாக விற்கிறார்கள். சேலைக்குக் குத்தும் ஊக்கு அதே வேலையைச் செய்யும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் எண்ணிப் பாருங்கள். 18 இருக்க வேண்டிய இடத்தில் 17 இருந்தால் அந்தச் சுற்றை மட்டும் பிரிப்பது நிமிட வேலை.

மூன்றாம் சுற்று முடியும்போது துண்டு கிண்ணம்போல வளையத் தொடங்கும். எந்தப் பக்கம் வெளியே இருக்கிறது என்று அங்கே நிறுத்திப் பாருங்கள். நல்ல பக்கத்தில் சின்னச் சின்ன ‘வி’ எழுத்துகள் வரிசையாகத் தெரியும். உள்பக்கத்தில் ‘வி’க்களுக்கு நடுவே குறுக்குக் கோடுகள் ஓடும். வலது கைக்காரர் என்றால், நீங்கள் பின்னும் விளிம்பு உங்கள் பக்கம் இருக்க வேண்டும். எதிர்ப்பக்க விளிம்பில் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் கிண்ணம் உள்வெளியாக இருக்கிறது. விரலால் தள்ளித் திருப்பிவிட்டுத் தொடருங்கள்.

மேடுகளை இணைக்கும் ஆறாம் சுற்றுதான் இதில் முக்கியம், நிதானமாகச் செய்யுங்கள். இரண்டாவது மேடு ஊசியிலேயே இருக்கிறது. முதல் மேட்டை அதன் பக்கத்தில் வையுங்கள், இரண்டின் வாய்களும் ஒரே திசை பார்க்க வேண்டும். நூல் வெட்டிய இடத்துக்கு அடுத்த கண்ணியில் ஊசியை நுழைத்து ஒரு சிங்கிள் குரோஷே போடுங்கள். ஊக்கைக் கழற்றி அதில் மாட்டுங்கள், இனி இதுதான் சுற்றின் தொடக்கம். அந்த மேட்டை முழுதாக ஒரு சுற்று சுற்றினால் 18 கண்ணி. இப்போது இரண்டு மேடுகளுக்கும் நடுவில் உள்ள பள்ளத்துக்கு வந்திருப்பீர்கள். அங்கிருந்து இரண்டாவது மேட்டுக்குத் தாண்டி, முன்பு எந்தக் கண்ணியோடு நிறுத்தினீர்களோ அதற்கு அடுத்ததில் தொடங்கி 18. மொத்தம் 36. பள்ளத்தில் ஓட்டை தெரிகிறதே என்று அங்குள்ள கண்ணிகளை விட்டுவிடத் தோன்றும். விட்டால் எண்ணிக்கை 34 ஆகி அடுத்த சுற்றுகள் எல்லாம் கோணும். ஓட்டை இருந்தே தீரும். முதல் மேட்டில் விட்ட ஒரு சாண் நூலை மொட்டை முனை உல்லன் ஊசியில் கோத்து, உள்பக்கமாக மூன்று நான்கு தையல் போட்டால் மறைந்துவிடும்.

ஏழாம் சுற்று சும்மா, அதாவது கூட்டாமல் குறைக்காமல், 36. எட்டாவதில் இருந்து குறைப்பு, அதாவது இரண்டு கண்ணிகளை ஒன்றாக்குவது: நான்கு கண்ணி, ஒரு குறைப்பு என்று ஆறு முறை, 30 வரும். ஒன்பது சும்மா. பத்தில் மூன்று கண்ணி, ஒரு குறைப்பு, 24. பதினொன்று சும்மா. பன்னிரண்டில் இரண்டு கண்ணி, ஒரு குறைப்பு, 18. பதின்மூன்று சும்மா. பதினான்கில் ஒன்று, ஒரு குறைப்பு, 12. கடைசிச் சுற்றில் வெறும் குறைப்பாக ஆறு. முழு இதயமும் சேர்த்து 378 கண்ணிதான், ஒரு விடுமுறை நாள் மதியத்துக்குள் முடிக்கக்கூடிய வேலை.

குறைப்பை எப்படிப் போடுகிறீர்கள் என்பதில் அழகு நிறைய இருக்கிறது. இரண்டு கண்ணிகளையும் முழுதாக எடுத்துச் சேர்த்தால் அந்த இடம் முடிச்சு மாதிரி தடித்து, பக்கத்திலேயே ஓர் ஓட்டையும் விடும். தடித்த நூலில் அது பளிச்சென்று தெரியும். அதற்குப் பதில் அடுத்த கண்ணியின் முன் இழையில் (மேலே தெரியும் ‘வி’யில் உங்கள் பக்கம் உள்ள இழையில்) மட்டும் ஊசியை நுழையுங்கள். நூலைச் சுற்றாமல் அப்படியே அதற்கடுத்த கண்ணியின் முன் இழையிலும் நுழையுங்கள். இப்போது நூலைச் சுற்றி அந்த இரண்டு இழைகள் வழியாக இழுத்தால் ஊசியில் இரண்டு வளையம் மிஞ்சும். மறுபடி சுற்றி இரண்டையும் சேர்த்து இழுங்கள். எங்கே குறைத்தீர்கள் என்று உங்களுக்கே தேட வேண்டியிருக்கும்.

பஞ்சு. கடையில் ரெக்ரான் என்று கேட்டால் தரும் பாலியஸ்டர் பஞ்சுதான் இதற்குச் சரி. தூக்கிப் போட வைத்திருக்கும் பழைய ஃபைபர் தலையணை இருந்தால் காசும் மிச்சம். இலவம் பஞ்சை நான் பரிந்துரைக்க மாட்டேன். இழை பொடிப்பொடியாக இடுக்கு வழியே வந்துகொண்டே இருக்கும், நனைந்தால் கட்டி தட்டும். துணித் துண்டுகளை அடைத்தால் கனத்துப்போய்த் தொங்கும்.

பதினோராம் சுற்று முடிந்ததும் அடைக்கத் தொடங்குங்கள். பெரிய உருண்டையாகத் திணிக்காமல், பிய்த்துப் பிய்த்து மெத்தென்று ஆக்கி, முதலில் இரண்டு மேடுகளின் உச்சி வரை விரலால் தள்ளுங்கள். அங்கே காலியாக இருந்தால் கடைசியில் எவ்வளவு அடைத்தாலும் மேடு சப்பையாகத்தான் நிற்கும். பதின்மூன்றில் இன்னும் கொஞ்சம், மூடுவதற்கு முன் நுனிக்குச் சிட்டிகை அளவு. அமுக்கினால் உடனே எழும்ப வேண்டும், கண்ணிகள் அகலக் கூடாது. அகல ஆரம்பித்தால் பஞ்சைக் கொஞ்சம் வெளியே எடுங்கள்.

மூடும்போது நூலை நீளமாக விட்டு வெட்டி, அந்த வால் நூலை உல்லன் ஊசியில் கோத்து, கடைசி ஆறு கண்ணிகளின் முன் இழைகள் வழியாக வரிசையாகக் கொண்டுபோய் இழுத்தால் துளை சுருங்கி மூடும். ஒரு முடிச்சு. பிறகு ஊசியை நுனியில் குத்தி நடு உடல் வழியாகப் பள்ளத்துக்குக் கொண்டுவந்து, அளவாக இழுத்து ஒரு சின்னத் தையல் போடுங்கள். பள்ளம் இன்னும் ஆழமாகி இதய வடிவம் எடுப்பாகத் தெரியும். மாட்டித் தொங்கவிட வேண்டுமென்றால் அங்கேயே 20 செயின் பின்னி வளையம் ஆக்கிவிடலாம்.

வேறு வடிவங்களின் பேட்டர்ன் தேடிப் போகும்போது ஒரே ஓர் எச்சரிக்கை: அமெரிக்கக் குறிப்புகளில் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் பிரிட்டிஷ் குறிப்புகளில் டபுள் குரோஷே என்று எழுதுகிறார்கள். எந்த நாட்டுக் குறிப்பு என்று பார்க்காமல் பின்னினால் இதயம் நீண்டு வேறு ஏதோ ஆகிவிடும்.

வெயில் காலத்தில் கை வியர்த்து அக்ரிலிக் நூல் ஊசியில் ஒட்டிக் கிறீச்சிடும். விரலில் கொஞ்சம் பவுடர் தொட்டுக்கொண்டு உட்காருங்கள். துவைப்பதென்றால் கையால், பிழியாமல் அமுக்கி, நிழலில் படுக்கப் போட்டு உலர்த்துங்கள். மழைக்காலத்தில் துவைத்தால் உள்பஞ்சு காயாமல் நாற்றம் வரும்.

இந்த அளவில் உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிதாக வரும். பெரிது வேண்டுமென்றால் ஒவ்வொரு மேட்டையும் 18-க்குப் பதில் 24 வரை கூட்டி, மூன்று சுற்று சும்மா பின்னி இணையுங்கள், 48 வரும். அங்கிருந்து ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் ஆறு ஆறாகக் குறைத்துக்கொண்டே இறங்குங்கள். நூலும் பஞ்சும் கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஒரே நிறத்தில் வேறு சாயத் தொகுதி (வேறொரு முறை சாயம் ஏற்றிய நூல்) கலந்தால் பாதியில் நிறம் மாறியது தெரியும்.