வலென்சியாவில் குடியேற 2.8 கோடி போதுமா?

கேள்வி: எனக்கு வயது 54, மனைவிக்கு 50. கோவையில் சொந்த வீடு இருக்கிறது, வாடகைக்கு விட்டால் மாதம் 30,000 ரூபாய் வரும். மியூச்சுவல் ஃபண்டில் 1.6 கோடி (போட்டது 70 லட்சம்), 15 வருடம் முடிந்து நீட்டித்த இரண்டு பி.பி.எஃப். கணக்குகளில் 60 லட்சம், வங்கி டெபாசிட்டில் 60 லட்சம். பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ஆலோசனை சொல்வதில் மாதம் 60,000 வருகிறது. மகள் ஸ்பெயினில் வலென்சியாவில் மேற்படிப்பு படிக்கிறாள், அங்கேயே வேலை தேடப் போகிறாள். நாங்களும் அங்கே போய்விடலாமா? எனக்குச் சர்க்கரை உண்டு. 79 வயது அம்மா பொள்ளாச்சியில் இருக்கிறார்.

பதில்: நிரந்தரமாகக் குடியேற இந்தப் பணம் போதாது. ஆனால் வருடத்தில் மூன்று மாதம் மகளோடு இருக்கத் தாராளமாகப் போதும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் விசா. வீடு வாங்கினால் அங்கே வசிக்க அனுமதி கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்பெயின் அந்தக் கோல்டன் விசாவை 2025 ஏப்ரல் 3-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. உங்களுக்கு மிச்சம் இருப்பது இரண்டு வழி. ஒன்று, வேலை பார்க்காமல் சொந்தப் பணத்தில் வாழ்பவர்களுக்கான விசா. 2025 கணக்குப்படி இதற்கு மாதம் 2,400 யூரோவும், மனைவிக்காக இன்னொரு 600 யூரோவும் காட்ட வேண்டும். வருடத்துக்கு 36,000 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் 36 லட்சம். சேமிப்பைக் காட்டினாலும் ஏற்பார்கள் என்பதால் முதல் வருட விசாவுக்குப் பணம் ஒரு தடையாக இருக்காது. புதுப்பிக்கும்போதுதான் இடிக்கும். புதுப்பிக்கும் காலம் முழுவதுக்கும் இதே வீதத்தில் பணம் காட்ட வேண்டும், உங்கள் கையிருப்போ வருடா வருடம் கரைந்துகொண்டிருக்கும். இந்த விசாவில் வேலை பார்க்கவும் கூடாது. கோவைக் கம்பெனிக்கு இணையத்தில் செய்யும் ஆலோசனைக்கும் இது பொருந்தும். ஆக, 60,000 நின்றுவிடும்.

இன்னொரு வழி, வெளிநாட்டுக் கம்பெனிக்கு இணையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கான விசா. இதற்கு ஸ்பெயினின் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு வருமானம் வேண்டும். 2025-இல் அது மாதம் சுமார் 2,763 யூரோ, மனைவிக்குக் கூடுதலாக வேறு. உங்கள் 60,000 ரூபாய் அதில் கால் பங்குகூட வராது.

இப்போது செலவு. வலென்சியாவில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 1,200 யூரோ ஒதுக்குங்கள். சாப்பாடு 500, மின்சாரம், தண்ணீர், இணையம் 180, மருத்துவக் காப்பீடு 220, பஸ், போன் 100, மற்றது 250. மாதம் 2,450 யூரோ. வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து போக இருவருக்கும் 2,000 சேர்த்தால் ஆண்டுச் செலவு 31.4 லட்சம் ரூபாய். கோவை வீட்டு வாடகையில் கைக்கு வருவது 3 லட்சம் என்று கழித்தால், 28.4 லட்சத்தை 2.8 கோடியிலிருந்து எடுக்க வேண்டும். அது முதல் வருடமே 10 சதவீதம். முதலீடு 8 சதவீதம் வளர்கிறது என்றே வையுங்கள். அங்குள்ள விலைவாசியோடு ரூபாயின் சரிவையும் சேர்த்தால் செலவு 6 சதவீதம் ஏறும். 2015-இல் 70 ரூபாயை ஒட்டியிருந்த யூரோ 2025-இல் 100-ஐத் தொட்டதை மறக்க வேண்டாம். இந்தக் கணக்கில் பணம் 11 வருடத்தில் தீரும். அப்போது உங்களுக்கு 65 வயது, கையில் வீடு மட்டும்தான் இருக்கும்.

பலரும் கவனிக்காமல் விடுவது வரி. ஒரு காலண்டர் வருடத்தில் 183 நாளுக்கு மேல் அங்கே இருந்தால் ஸ்பெயின் உங்கள் உலக வருமானம் முழுவதுக்கும் வரி கேட்கும். இங்கே வரியே இல்லாத பி.பி.எஃப். வட்டிக்கும் அங்கே வரி உண்டு. ஃபண்டை விற்றால் லாபத்தை நீங்கள் வாங்கிய அன்றைய விலையிலிருந்துதான் கணக்கிடுவார்கள், குடியேறிய அன்றைய விலையிலிருந்து அல்ல. உங்கள் 90 லட்ச லாபம் முழுவதும் இந்திய மண்ணில் இருந்தபோதே சம்பாதித்ததாக இருந்தாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. வீதம் 19-இல் தொடங்கிப் படிப்படியாக 30 சதவீதம் வரை போகும். இங்கே பங்குச் சந்தை ஃபண்டை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீதம், அதுவும் வருடத்துக்கு ஒருவருக்கு 1.25 லட்சம் கழித்த பிறகு. அதனால் என்றாவது நிரந்தரமாகப் போவதாக இருந்தால், இங்கே இருக்கும்போதே இரண்டு நிதியாண்டுகளாகப் பிரித்து விற்று, பி.பி.எஃப்.-ஐயும் எடுத்துவிட்டு, ஜூலை முதல் வாரத்துக்குப் பிறகு விமானம் ஏறுங்கள். அந்த வருடம் ஸ்பெயினில் 183 நாள் தாண்டாது. விற்ற லாபம் அவர்கள் கணக்குக்குள் வராது.

அங்கே வரி கட்டுபவராகிவிட்டால் வெளிநாட்டில் உள்ள வங்கிக் கணக்கு, முதலீடு, வீடு என ஒவ்வொரு வகையிலும் 50,000 யூரோவைத் தாண்டியதை மார்ச் 31-க்குள் தனிப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். இங்கேயும் வேலை இருக்கிறது. சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும், டெபாசிட் வட்டியில் 31.2 சதவீதம் பிடிப்பார்கள். வாடகைக்காரரும் அதேபோல் பிடித்துக் கட்ட வேண்டும். பெரும்பாலான வாடகைக்காரர்களுக்கு அது தெரியாது. நோட்டீஸ் வந்த பிறகு சண்டைதான் வரும்.

சர்க்கரை விஷயம் எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருகிறது. விசாவுக்குக் கேட்கும் காப்பீடு முழுமையானதாக, நோயாளி பங்கு எதுவும் கட்டாததாக இருக்க வேண்டும். ஏற்கனவே நோய் உள்ளவரைத் தனியார் கம்பெனி மறுக்கலாம், அல்லது அந்த நோயை விலக்கிவிட்டு பாலிசி தரலாம். பணம் கட்டி அரசு மருத்துவத்தில் சேரும் திட்டம் நல்ல திட்டம்தான். 65 வயதுக்குள் மாதம் 60 யூரோ, அதன் பிறகு 157. ஆனால் ஒரு வருடம் அங்கே வசித்த பிறகுதான் சேர முடியும். எதற்காகவும் இங்குள்ள பாலிசியை நிறுத்தாதீர்கள். திரும்பி வந்து புதிதாக எடுத்தால் சர்க்கரைக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க நேரும்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் நீங்கள் மாதக்கணக்கில் பொள்ளாச்சியில் இருக்க வேண்டி வரும். ஐந்து வருடத்தில் நீண்டகால அனுமதி வாங்க, அந்த ஐந்து வருடத்தில் மொத்தம் 10 மாதத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது.

அதனால் என் யோசனை இது. ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் என்ற குறுகியகால விசாவில் 180 நாளுக்குள் 90 நாள் வரை தங்கலாம். சாமான்களோடு வீடு மாதம் 1,400 யூரோ, மற்ற செலவு 800, மூன்று மாதத்துக்கு 6,600. டிக்கெட்டும் பயணக் காப்பீடும் 1,700. ஆக 8.3 லட்சம் ரூபாய். கோவையில் மீதி ஒன்பது மாதம், மாதம் 60,000 வீதம் 5.4 லட்சம். அதை உங்கள் ஆலோசனை வருமானமே சமாளிக்கும் (அங்கே இருக்கும்போது அந்த வேலையை நிறுத்திவையுங்கள், அந்த விசாவில் வேலை கூடாது). 8.3 லட்சம் உங்கள் பணத்தில் 3 சதவீதம்தான். வளர்ச்சி அதைவிட அதிகம் என்பதால் முதல் கரையாது. பி.பி.எஃப்., பாலிசி, வங்கிக் கணக்கு எதையும் தொட வேண்டியதில்லை.

முதல் தடவை ஜனவரியில் போங்கள். மே மாத வலென்சியா யாருக்கும் பிடிக்கும். ஜனவரியில் பழைய கட்டடங்களில் டைல்ஸ் தரை பனியாய்ச் சில்லிடும், ஒற்றைக் கண்ணாடி ஜன்னலில் ஈரம் கோக்கும், பல வீடுகளில் சுவரோடு வரும் வெப்பக்குழாய் கிடையாது. மின்சார ஹீட்டர்தான். பல வீடுகளில் மின் இணைப்பு 3.45 கிலோவாட்டுக்குத்தான் எடுத்திருப்பார்கள். ஹீட்டர் ஓடும்போது இண்டக்‌ஷன் அடுப்பில் குக்கரை வைத்து மிக்ஸியையும் போட்டால் கரண்ட் போய்விடும். வீடு பார்க்கும்போதே எத்தனை கிலோவாட் என்று கேளுங்கள். மிக்ஸி அங்கே ஓடும், ஆனால் நம் மூன்று முனை பிளக் நுழையாது, அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். தெற்குப் புறநகரில் வாடகை மலிவு என்றால் பைபோர்த்தா, கத்தரோஹா பக்கம் தரைத்தளத்தை மட்டும் எடுக்காதீர்கள். 2024 அக்டோபர் 29 வெள்ளம் புகுந்த பகுதிகள் அவை.

மகளுக்கு அங்கே நிரந்தர வேலை அமைந்து, சர்க்கரையும் கட்டுக்குள் இருந்து, இரண்டு குளிர்காலத்தை அங்கே கழித்த பிறகும் மனம் மாறவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். அப்போது எந்த ஃபண்டை எந்த மார்ச்சில் விற்பது என்று உட்கார்ந்து கணக்குப் போடலாம்.