செர்ரி ஜாம் இறுகவில்லையா, கொட்டிவிடாதீர்கள்

1 கிலோ செர்ரிக்கு 750 கிராம் சர்க்கரை போட்டு அரை மணி நேரம் காய்ச்சியும் ஜாம் தண்ணியாக ஓடுகிறது என்கிறீர்கள். சர்க்கரை சரிதான். ஜாமை இறுக்குவது பழத்திலேயே இருக்கும் பெக்டின் என்ற பொருள், செர்ரியில் அது குறைவு. 2 எலுமிச்சம்பழச் சாறு ஊற்றி, செங்காயாக இருக்கும் ஒரு கொய்யாவை நறுக்கித் துணியில் கட்டி உள்ளே போட்டு (உங்கள் மார்த்தாண்டம் பக்கம் கொய்யாவுக்கா பஞ்சம்), குழிவான பானை வேண்டாம், அகலமான ஸ்டீல் பாத்திரத்தில் மறுபடியும் நன்றாகக் கொதிக்க விடுங்கள், அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு துளி விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள், மேலே சுருக்கம் விழுந்தால் உடனே இறக்கிவிடுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் 105 டிகிரி செல்சியஸ். சூட்டில் தளர்வாகத்தான் தெரியும், அதைப் பார்த்து நான் மேலும் காய்ச்சி ஒரு முறை மொத்தமும் மிட்டாய்ப் பாகாகிவிட்டது. அப்புறம், ஆனி மழை ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் வரும், பாட்டிலைக் கொதிநீரில் போட்டெடுத்து முழுக்கக் காயவைத்த பிறகே ஊற்றுங்கள்.