மாத்திரையும் அரிஷ்டமும்: மருந்தாளுநர் பதில்கள்

மகளுக்குப் பிரசவமாகி 20 நாள். புனலூரில் வாங்கிய தசமூலாரிஷ்டம் கொடுக்கிறோம். தையல் புண்ணுக்கு டாக்டர் மெட்ரோனிடசோல் எழுதியிருக்கிறார். மெடிக்கலில் கேட்டால், "நாட்டு மருந்துதானே, ஒண்ணும் செய்யாது" என்கிறார்கள். சேர்த்துக் கொடுக்கலாமா?
- வாசகி, செங்கோட்டை

வேண்டாம். கஷாயத்தில் வெல்லமும் காட்டாத்திப் பூவும் போட்டு, வாயைக் கட்டி நொதிக்க வைப்பதுதான் அரிஷ்டம். சாராயத்தைத் தனியாகச் சேர்ப்பதில்லை. உள்ளேயே ஊறுகிறது, பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம். மெட்ரோனிடசோலோடு அது சேர்ந்தால் சிலருக்கு முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். எல்லோருக்கும் வராதுதான். ஆனாலும் எச்சரிக்கை மாத்திரையின் குறிப்புத்தாளிலேயே இருக்கிறது. கடைசி மாத்திரைக்குப் பிறகு 3 நாள் விட்டு அரிஷ்டத்தைத் தொடருங்கள். அதுவரை நொதிக்காத தசமூலக் கஷாயம் தரலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். 15 மில்லி கஷாயத்துக்கு 45 முதல் 60 மில்லி வெதுவெதுப்பான நீர் கலப்பது வழக்கம்.

கடைக்காரரின் பதிலை வெறும் அலட்சியம் என்று தள்ள முடியாது. பார்மசி படிப்பில் வேரையும் பட்டையையும் இனம் காணச் சொல்லித் தருகிறார்கள். மாத்திரையோடு சேர்ந்தால் என்னாகும் என்பதற்கு இடம் குறைவு. ஆயுர்வேத மருந்து விற்கத் தனி லைசென்ஸும் தேவையில்லை. அதனால் அதை மருந்தாகவே நினைக்காதவர்கள் உண்டு. ஆனால் நோயாளிக்கு ஆலோசனை சொல்வது மருந்தாளுநர் பொறுப்பு என்று 2015 பார்மசி விதிமுறைகள் சொல்கின்றன. "தெரியல, பார்த்துச் சொல்றேன்" என்றிருந்தால் பாராட்டியிருப்போம்.

கஷாயத்துக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் போதுமா?
- வாசகர், மார்த்தாண்டம்

குடலுக்குள் நடக்கும் தகராறுக்குத்தான் இடைவெளி உதவும். மலச்சிக்கலுக்குச் சாப்பிடும் இசப்கோல், தைராய்டு மாத்திரையைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். அதற்குக்கூட 4 மணி நேரம் வேண்டும். அதிமதுரம் அப்படியல்ல. நாள்கணக்கில் சாப்பிட்டால் உடம்பிலுள்ள பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். நீர் பிரியும் மாத்திரையோ, இதய மருந்தான டிகாக்சினோ சாப்பிடுபவருக்கு இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று பிரித்தாலும் பயனில்லை.

மருந்தாளுநராக இருக்கிறேன். "நாட்டு மருந்து சாப்பிடுறீங்களா?" என்றால் எல்லோரும் "இல்லை" என்கிறார்கள். எப்படிக் கேட்பது?
- வாசகர், கம்பம்

பெயர் சொல்லிக் கேளுங்கள்: கஷாயம், அரிஷ்டம், லேகியம், சூரணம், பூண்டு மாத்திரை, வெந்தயப் பொடி. பலருக்கு இவை மருந்துக் கணக்கிலேயே வராது. எல்லோரிடமும் கேட்க நேரமிருக்காது. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் அசிட்ரோம், வார்ஃபரின், மேலும் டிகாக்சின், தைராய்டு, சர்க்கரை, வலிப்பு மாத்திரை வாங்குபவர்களிடம் கட்டாயம் கேளுங்கள். அடுத்த முறை புட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். லேபிளில் சேர்மானப் பட்டியல், பேட்ச் எண், உற்பத்தி உரிம எண் இல்லாவிட்டால் நிறுத்தச் சொல்லலாம். அசிட்ரோம் சாப்பிடுபவர் புதிதாகப் பூண்டு மாத்திரை தொடங்கியிருந்தால், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனை பார்க்க டாக்டரிடம் அனுப்புங்கள். திட்டக்கூடாது, திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள். ஒவ்வாமை, மஞ்சள் காமாலை போல ஏதாவது வந்தால் 1800-180-3024 என்ற மருந்துப் பக்கவிளைவு கண்காணிப்பு எண்ணில் பதிவு செய்யுங்கள்.