பி.எஸ்.எஃப்.பில் சேர்ந்து நேவிக்கு மாறலாமா?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். "பி.எஸ்.எஃப்.பில் (எல்லைப் பாதுகாப்புப் படை) நேவி பிரிவு இருக்கிறது. முதலில் அதில் சேர்த்துவிடுகிறேன், இரண்டு வருடத்தில் அப்படியே நேவிக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று ஒருவர் மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அட்வான்ஸ்கூட வேண்டாம்.

அவர் பேச்சில் கால்வாசி உண்மை கலந்திருப்பதுதான் ஆபத்து. பி.எஸ்.எஃப்.புக்குப் படகுப் பிரிவு உண்டு, சுந்தரவனத்து ஆறுகளில் ரோந்து போகிறது. பீரங்கிகூட வைத்திருக்கிறது. படகில் போனால் கடற்படை ஆகிவிடுமா? தரைப்படையிடம் ஹெலிகாப்டர் இருக்கிறது, கடற்படையிடம் போர் விமானம் இருக்கிறது. எதில் ஏறிப் போகிறார்கள் என்பது கணக்கில்லை. எந்த அமைச்சகம், எந்தச் சட்டம் என்பதுதான் கணக்கு.

தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். பி.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். எல்லாம் உள்துறையின் ஆயுதப் போலீஸ் படைகள். பணி ஆணையில் 'கான்ஸ்டபிள்' என்றே இருக்கும். அங்கிருந்து நேவிக்கு டிரான்ஸ்ஃபர் கிடையாது. வயது வரம்புக்குள் புதிதாகத் தேர்வெழுதித்தான் போக வேண்டும்.

ஒன்று மட்டும் இந்தக் கணக்கில் சரியாக அடங்காது: அசாம் ரைபிள்ஸ். நிர்வாகம் உள்துறை, களத்தில் உத்தரவு போடுவது ராணுவம். அதிகாரிகளில் பெரும்பாலோர் ராணுவத்திலிருந்து வருகிறார்கள், தலைமை இயக்குநர் ராணுவ லெப்டினன்ட் ஜெனரல். ஆனால் உங்கள் பையன் அதில் சேர்வதோ எஸ்.எஸ்.சி. (மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் அதே கான்ஸ்டபிள் தேர்வு வழியாக! இதைக் காட்டி "பாருங்கள், எல்லாம் ஒன்றுதான்" என்பார்கள். ஒன்றல்ல. சேர்ந்தால் அவன் அசாம் ரைபிள்ஸ்காரன், தரைப்படைச் சிப்பாய் அல்ல.

இன்னொரு பொறி, இதைவிட மோசம். 'நேவி வேலை' என்று சொல்லி மெர்ச்சன்ட் நேவியில் தள்ளிவிடுவது. அது சரக்குக் கப்பல் வேலை, படையே அல்ல. அதிலும் ஏஜென்ட் அரசு உரிமம் வைத்திருக்க வேண்டும்; வேலை வாங்கித் தர மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது.

சரி, புரோக்கர் எப்படிப் பிழைக்கிறார்? பத்துப் பேரிடம் வாங்குவார். இரண்டு பேர் சொந்தத் திறமையில் தேறுவார்கள். அந்த இரண்டு பேரின் பணத்தை வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு அவரவர் பணத்தைத் திருப்பித் தந்து 'நாணயமானவர்' ஆகிவிடுவார். 'மெடிக்கலில் ஆள் இருக்கிறார்' என்பதும் இதே வித்தைதான். மெடிக்கலில் தகுதியில்லை என்றால் மறுபரிசோதனை கேட்க விதியிலேயே வழி உண்டு.

இவர்கள் பெருகியதற்கு அரசும் காரணம். விண்ணப்பம் போட்டு ஆணை கைக்கு வருவதற்குள் பையன்களுக்கு வயது ஏறிவிடுகிறது. பட்டியல் எப்போது வரும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அந்த இடைவெளியில்தான் புரோக்கர் கடை விரிக்கிறார்.

நேவிதான் ஆசை என்றால் அக்னிவீர் அறிவிப்பைப் பாருங்கள்: 4 வருடம், அதன் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் நிரந்தரம். நிரந்தர வேலைதான் முக்கியம் என்றால் எஸ்.எஸ்.சி. தேர்வு, 2024 முதல் தமிழிலேயே எழுதலாம். படை விருப்ப வரிசையை விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். அதைப் பையனே நிரப்பட்டும், கோச்சிங் சென்டர்காரர் வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழ்களை ஏற்கெனவே யாரிடமாவது கொடுத்திருந்தால் இன்றே போய் வாங்கிவிடுங்கள்.