ஸ்மோக்கின் ஏசஸ்: கடைசிக் காட்சி ஏன் அப்படி?

இந்தப் படத்தில், மாஃபியாவைக் காட்டிக்கொடுக்கவிருக்கும் மேஜிக் கலைஞர் இஸ்ரேலைத் தேடி வந்த கொலைகாரர்களில் பலர் அடித்துக்கொண்டு செத்த பிறகு, எஃப்பிஐ அதிகாரியாக வரும் ரயன் ரெனால்ட்ஸ் ஏன் மருத்துவமனையில் பிளக்கைப் பிடுங்குகிறார் என்று கேட்டிருந்தீர்கள். முதல் தடவை எனக்கும் தலை சுற்றியது.

குழப்பத்துக்குக் காரணம் "இஸ்ரேலின் இதயம் வேண்டும்" என்ற அந்த ஒட்டுக்கேட்ட பேச்சு. பழிவாங்கும் வெறி என்றுதான் எஃப்பிஐ நினைக்கிறது, நாமும் நினைக்கிறோம். உண்மையில் மாஃபியா தலைவன், கிழவன் ஸ்பராஸாவுக்கு மாற்று இதயம் தேவை. இதற்காக வரவழைக்கப்பட்ட மர்ம ஆள் 'ஸ்வீடன்காரர்' கொலையாளி இல்லை, இதய அறுவை மருத்துவர். ஸ்பராஸா யார்? மாஃபியாவுக்குள் எஃப்பிஐயே அனுப்பிய உளவாளி ஹெல்லர். அவர் கட்சி மாறிவிட்டார் என்று சந்தேகப்பட்டு எஃப்பிஐக்காரர்களே சுட்டார்கள், ஆனால் சாகவில்லை. இஸ்ரேல் அவருடைய மகன். அதனால்தான் இதயம் பொருந்துகிறது.

மாஃபியா ரகசியங்கள் இஸ்ரேலைவிட ஸ்பராஸாவிடம் எக்கச்சக்கம். சரி, மகனைக் கொன்று அப்பனைக் காப்பாற்றுவோம் என்று மேலதிகாரி லாக் முடிவு செய்கிறார். இதற்காகவா தன் கூட்டாளி கரூதர்ஸ் லிப்டில் செத்தார் என்ற ஆத்திரத்தில்தான் ரெனால்ட்ஸ் கதவைப் பூட்டி, அப்பன், மகன் இரண்டு பேரின் உயிர்காக்கும் இயந்திரத்தையும் நிறுத்துகிறார். பிறகு துப்பாக்கியையும் பேட்ஜையும் தரையில் வைத்துவிடுகிறார்.

இத்தனை விஷயத்தையும் கடைசியில் மூச்சு விடாமல் கொட்டியது இயக்குநர் கார்னஹனின் தப்பு, உங்களுடையது இல்லை. அப்புறம், கொலைகாரக் கும்பல்களில் ஒன்றான ட்ரெமர் சகோதரர்களில் ஒருவர் கிறிஸ் பைன். கவனித்தீர்களா?