தள்ளுபடிக் கடைகளில் 15, 20 வெள்ளிக்கு விற்கும் காலணிகளை நம்பி வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், எதற்கு வாங்குகிறோம் என்பது தெளிவாக இருந்தால். கேட்டவர் சிங்கப்பூரின் தேக்காவிலும் வீட்டுக்குப் பக்கத்துப் பேட்டைக் கடைகளிலும் இந்த விலையில் பார்த்திருக்கிறார். “சீக்கிரம் பிய்ந்துவிடும், காசுதான் தண்டம்” என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்களாம். நான் சில வருடம் காலணிக் கடையில் விற்பனையாளராக நின்றவன். அங்கே கையால் தொட்டுப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

தள்ளுபடிக் கடையில் இரண்டு வகைச் சரக்கு ஒரே அடுக்கில் கிடக்கும். ஒன்று, செய்யும்போதே செலவைக் குறைத்துச் செய்தது. இன்னொன்று, நல்ல பிராண்டு, விற்காமல் தேங்கியதால் விலை இறங்கியது. வாடிக்கையாளர்கள் முதல் வகையைத் தூக்கிப் பார்த்து முகம் சுளிப்பார்கள். இரண்டாவதைக் கண்டால் உடனே சைஸ் கேட்பார்கள். 120 வெள்ளி தோல் ஷூ 39 வெள்ளி என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் சிங்கப்பூரில் நான் அதிகம் பயப்படுவது இந்த இரண்டாவது வகைக்குத்தான்.

காரணம் அதன் அடிப்பாகம். அலுவலகத் தோல் ஷூ, மலையேறும் பூட்ஸ், சில பழைய மாடல் விளையாட்டுக் காலணிகள் இவற்றின் சோல் பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக். மிதிக்க மெத்தென்று இருக்கும், நன்றாக உழைக்கும். ஆனால் காற்றில் உள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம். இங்கே விடிவதற்கு முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத நாளின் பிற்பகலில்கூட 60 விழுக்காடு அளவில் இருக்கும். அந்த ஷூவை நீங்கள் போட்டாலும் போடாவிட்டாலும் இந்த வேலை நடந்துகொண்டே இருக்கும். பெட்டிக்குள் பத்திரமாக வைத்த ஷூவை ஒரு கல்யாணத்துக்கு எடுத்துப் போட்டு, மண்டப வாசலிலேயே சோல் பிட்டுப் பிட்டாக உதிர்ந்த கதை இங்கே பாதி வீடுகளில் இருக்கும். அதைக் கடையின் மோசடி என்று திட்டுவார்கள். பல நேரம் அது வெறும் வயசு.

அதனால் தள்ளுபடியில் பிராண்டு ஷூ எடுத்தால், விலைச் சீட்டுக்கு முன் நாக்குப் பகுதியின் உள்ளே தைத்திருக்கும் சின்னச் சீட்டைப் பாருங்கள். பல விளையாட்டுப் பிராண்டுகள் தயாரித்த மாதமும் வருடமும் அதில் அச்சிடும். மூன்று நான்கு வருடத்துக்கு முந்தையது என்றால் நான் தொடமாட்டேன். தேதி இல்லையென்றால் சோலின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்துங்கள். நல்லது உள்ளே போய்த் திரும்பி வரும். வயசானதில் நகம் பதிந்த தடம் அப்படியே நிற்கும், அல்லது விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். பாதம் மடியும் இடத்தில் ஷூவை வளைத்துப் பார்த்தால் மயிரிழை போல வெடிப்பு தெரியும். அப்படித் தெரிந்தால் கடைக்காரர் இன்னும் பத்து வெள்ளி குறைத்தாலும் வேண்டாம்.

இப்போது நிஜமான மலிவுச் சரக்குக்கு வருவோம். அந்த 15 வெள்ளி ஸ்போர்ட்ஸ் ஷூவின் சோல் அனேகமாக ஈவிஏ என்ற நுரைப் பொருள். கையில் தூக்கினால் காற்றுபோல இருக்கும். அதற்கு இந்த ஈரத்து நோய் கிடையாது, அதனால் அலமாரியில் கிடந்து உதிராது. அதன் குறை வேறு: உள்ளே இருக்கும் காற்றுக் குமிழிகள் உடல் எடையில் நசுங்கி, ஒருநாள் தட்டையாகிவிடும். எவ்வளவு நாளில் என்பது நீங்கள் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மார்க்கெட்டுக்கு, கோயிலுக்கு, வாரத்தில் இரண்டு நாள் பூங்காவில் நடக்க என்றால் அது நன்றாகவே தாங்கும். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கும் பாதுகாவல் அதிகாரி என்றால் சில மாதத்தில் குதிகால் வலி ஆரம்பித்துவிடும்.

மலிவு ஷூவில் நான் முதலில் பார்ப்பது உள்தகடு. உள்ளே போட்டிருக்கும் துணி ஒட்டிய மெத்தையைத் தூக்குங்கள். அடியில் அட்டை இருக்கும். விரலால் தட்டினால் அட்டைப்பெட்டி மாதிரி சத்தம் வந்தால் அது வெறும் காகித அட்டை. நவம்பர், டிசம்பர் மழையில் ஒருமுறை நன்றாக நனைந்தால் அது ஊறி, காய்ந்து, அலையலையாக எழும்பிவிடும். அப்புறம் எத்தனை வெயிலில் வைத்தாலும் அந்த நாற்றம் போகாது. மெத்தை பசையில் ஒட்டி, தூக்கவே வரவில்லை என்றால் அதுவும் எனக்குப் பிடிக்காது. கழற்ற முடிந்தால் கொஞ்சம் செலவழித்து நல்ல இன்சோல் போட்டுக்கொள்ளலாம். 20 வெள்ளி ஷூவில் 15 வெள்ளி இன்சோலா என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும், உங்கள் முழங்கால் சிரிக்காது.

இன்னொன்று வழுக்கல். விலை ரொம்பக் குறைந்தால் அடியில் ரப்பருக்குப் பதில் கடினமான பிளாஸ்டிக் இருக்கும். மழை நனைத்த அடுக்குமாடி புளோக்கின் அடித்தளத் தரையிலும் ஈரச்சந்தையிலும் அது சறுக்கும். வயதான அம்மா அப்பாவுக்கு வாங்கும்போது வேறெதையும் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்கள். நகம் கொஞ்சமாவது அமுங்கும் அடி வேண்டும். உணவகச் சமையலறையில் வேலை என்றால் வழுக்காத காலணி என்று தனியாகவே விற்கிறார்கள், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பிள்ளைகளின் பள்ளிக் காலணிக்குச் செலவழிப்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஆறு மாதத்தில் கால் வளர்ந்துவிடும், வெள்ளை ஷூ அதற்கு முன்பே பழுப்பாகிவிடும். பள்ளி சொன்ன நிறத்தில் மலிவானதை, கால்விரலுக்கு முன் ஒரு விரல் இடம் விட்டு வாங்குங்கள், போதும். தீபாவளிக்குப் போடும் கல் பதித்த செருப்பும் அப்படித்தான்.

மலிவுக் கடைப் பக்கமே போகக்கூடாதவர்கள் இரண்டு பேர். முதலில், நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள். உள்ளே தையல் முடிச்சு உரசினால் நமக்கு உடனே தெரியும், அவர்களுக்குக் கொப்புளம் வந்து புண்ணான பிறகுதான் தெரியும். விலை என்னவாக இருந்தாலும் அவர்கள் காலணிக்குள் கையை விட்டு ஓரம் முழுக்கத் தடவிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளவு பார்ப்பது நல்லது. அடுத்தது கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் தம்பிகள். பாதுகாப்பு பூட்ஸ் முதலாளி தர வேண்டியது, முதலில் அங்கே கேளுங்கள். அது போக நீங்களே வாங்கினால் எஸ்எஸ் 513 அல்லது இஎன் ஐஎஸ்ஓ 20345 என்ற பாதுகாப்புக் காலணித் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பின்னதில் விரல் மூடி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்பது விதி. சும்மா பூட்ஸ் தோற்றத்தில் இருக்கும் ஷூவுக்குள் மூடியே இருக்காது.

நாள் முழுக்க நிற்பவர்களுக்கு என் யோசனை கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம். 80 வெள்ளிக்கு ஒரே ஜோடி வாங்குவதைவிட, நடுத்தர விலையில் ஜோடி 40 வெள்ளி என்று இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு நாள் வியர்வை இந்தப் புழுக்கத்தில் ஒரே ராத்திரியில் காயாது. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் நுரையும் மீண்டு வரும், நாற்றமும் குறையும். விளையாட்டுக் காலணிக்குக் குவீன்ஸ்வே கடைத்தொகுதியில் நாலு கடை ஏறி இறங்கினால், போன வருட மாடல் இந்த விலைக்குச் சிக்கும். ஜூரோங் ஈஸ்ட் ஐஎம்எம் கடைத்தொகுதியிலும் பார்க்கலாம். தேதிச் சீட்டு மட்டும் மறக்க வேண்டாம்.

தள்ளுபடிச் சரக்கு என்பதால் உரிமை எதுவும் இல்லை என்று நினைக்காதீர்கள். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் ‘லெமன்’ சட்டம், அதாவது குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம், தள்ளுபடிப் பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தரச் சொல்லிக் கேட்கலாம். வாங்கும்போதே சொல்லிக் காட்டிய குறைக்கும், போட்டுத் தேய்ந்ததற்கும், மனம் மாறியதற்கும் இது செல்லாது. 20 வெள்ளிக்காக யாரும் நடுவர் மன்றம் வரை போகப்போவதில்லை, ஆனால் சட்டத்தின் பெயரைச் சொல்லி அமைதியாகக் கேட்டாலே பல கடைகளில் மாற்றித் தருவார்கள். ரசீதை மட்டும் வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள். அந்தத் தாளில் எழுத்து மூன்று மாதத்தில் மங்கிவிடும்.