ரூட் கெனாலுக்கு லேசரும் வேண்டுமா?

கேள்வி: வேர் சிகிச்சை செய்த கீழ்க் கடைவாய்ப்பல்லில் மறுபடியும் சீழ் வைத்துவிட்டது. திரும்பச் செய்யும்போது லேசரால் சுத்தம் செய்யலாம் என்கிறார் டாக்டர். லேசர் கிருமியைச் சுட்டுக் கொல்லுமா? பல்லுக்கு ஆபத்தில்லையா?

பதில்: இங்கே லேசர் சுடுவதற்காக அல்ல. கிருமியைக் கொல்வது, எப்போதும் பயன்படுத்தும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்தான். துணி வெளுக்கும் பிளீச்சில் இருக்கும் அதே சரக்கு. அதை மூலைமுடுக்கெல்லாம் விரட்டியடிப்பதே லேசரின் வேலை.

கடைவாய்ப்பல்லின் வேர்க்குழாய் நேரான குழல் இல்லை. இரண்டு குழாய்களுக்கு நடுவே நூலிழை போல இடுக்கு, பக்கத்தில் கிளை, நுனியில் பிரிவு என்று போகும். குழாயைச் சுரண்டும் ஃபைல் என்ற மெல்லிய அரம் எவ்வளவு சுழன்றாலும் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடாமலே விட்டுப்போவதை நுண்ணிய ஸ்கேனான மைக்ரோ சிடி படங்களில் பார்க்கலாம். ஊசியால் பீய்ச்சும் கரைசலும் ஊசிமுனையைத் தாண்டி அதிக தூரம் போகாது. நுனியில் காற்று அடைத்துக்கொள்ளும்.

2780 அல்லது 2940 நானோமீட்டர் அலைநீளமுள்ள எர்பியம் லேசரைத் தண்ணீர் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் முனையில் ஒரு நீராவிக் குமிழி ஊதி, கண்ணிமைக்கும் முன்பே உடைகிறது. அந்த அதிர்வில் கரைசல் இடுக்குக்குள் பாய்ந்து, சுவரில் படலமாக ஒட்டியிருக்கும் கிருமிக் கூட்டத்தைப் பிய்த்தெடுக்கிறது. பிப்ஸ் (PIPS) என்ற எர்பியம் லேசர் முறையில் முனையை வேருக்குள் விடுவதுகூட இல்லை. பல்லின் மேல் அறையிலேயே நிறுத்தி, 20 மில்லிஜூல் அளவில், நொடிக்கு 15 துடிப்பு கொடுப்பார்கள். சூடு சொற்பம்தான்.

ஆனால் டயோடு லேசரும் 'லேசர்' என்ற பெயரில்தான் வரும். அதன் ஒளியைத் தண்ணீர் அவ்வளவாக உறிஞ்சாது. பெரும்பாலும் வெப்பத்தாலேயே வேலை செய்யும். எனவே "எர்பியமா, டயோடா?" என்று கேட்டுவிடுங்கள்.

பிடுங்கிய பற்களில் செய்த சோதனைகளில் ஊசியை எர்பியம் லேசர் நன்றாகவே முந்துகிறது. நோயாளிகளிடம், கரைசலை ஒலியதிர்வால் கலக்கும் அல்ட்ராசோனிக் முறையைவிடப் புண் நன்றாக ஆறுகிறது என்று அடித்துச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. முதல்முறை செய்யும் முன்பல்லுக்கு நான் வற்புறுத்த மாட்டேன். உங்களைப் போல மறுசிகிச்சை என்றால், செய்யலாம் என்பேன்.

அதற்கு முன் ஒன்று: முதல் சிகிச்சை ஏன் தோற்றது? கண்ணில் படாமல் விட்ட குழாயா, பல்லின் மேல் மாட்டிய கேப்பின் ஓரத்தில் கசிவா? அதை லேசர் சரிசெய்யாது. பல்லைத் தனியாகப் பிரித்து மறைக்கும் ரப்பர் விரிப்பு, அதாவது ரப்பர் டேம், கட்டாயம். வேர்நுனி அகன்றிருந்தால் கரைசல் வெளியே தள்ளப்படலாம். அந்த எச்சரிக்கை டாக்டருக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

லேசருக்கான கண்ணாடியைக் கழற்றாதீர்கள். உள்ளே 'டப் டப்' என்று கேட்கும். குமிழி உடையும் சத்தம்தான்.